விலைகொடுத்து வாங்கிய ஸ்வதந்திரம்

1390ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், ஸ்விட்ஸர்லாந்தின் நடுப்பகுதியில், நான்கு வனநாடுகளின் ஏரி என்று அந்நாட்டார் வழங்கும் பெரிய ஏரியின் வடகரையில், மலைக்கும் தண்ணீருக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த ஒரு சிற்றூரின் ஜனங்கள், தங்கள்மேல் ஆட்சியுரிமை பெற்றிருந்த பிரபு குடும்பத்தாரிடம் 690 பவுண்டு காசை எண்ணிக் கொடுத்துத் தங்களைத் தாங்களே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அக்காலத்துக் கணக்கில் ஒரு பவுண்டு என்பது 240 சிறு காசுகள் ஆகையால், அவர்கள் கொடுத்த காசுகளின் தொகை 1,65,600. மாடு மேய்த்தும், மீன் பிடித்தும், மலைச்சரிவில் புல் அறுத்தும் வயிறு வளர்த்த குடும்பங்கள் அத்தனை காசைச் சேர்ப்பதற்குப் பத்து வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தன என்று அவ்வூரில் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள்.

அந்த ஊரின் பெயர் கெர்ஸாவ். அன்று வாங்கிய ஸ்வதந்திரம் 1798 வரையில், அதாவது 408 வருஷ காலம், அவர்கள் கையில் நிலைத்திருந்தது. ஐரோப்பாவில் மகா சாம்ராஜ்யங்கள் தோன்றிப் பரவி மறைந்துகொண்டிருந்த அந்த நான்கு நூற்றாண்டுகளிலும், ஒரு காலைப்பொழுதில் நடந்து சுற்றிப் பார்த்துவிடக்கூடிய இந்தக் கிராமம் தனக்கென்று சட்டமும், தனக்கென்று நீதிமன்றமும், தனக்கென்று ஒரு தூக்குமரமும் வைத்துக்கொண்டு தனிக் குடியரசாக வாழ்ந்தது. இத்தனை சிறியதொரு தேசம் அவ்வளவு காலம் எவ்வாறு பிழைத்தது, பிழைத்த காலத்தில் தன் ஸ்வதந்திரத்தைக் கொண்டு என்ன செய்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காண வேண்டுமானால், முதலில் அதன் பூமி அமைப்பைப் பார்க்க வேண்டும்.

கெர்ஸாவுக்குப் பின்புறம் ரிகி என்னும் மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 434 மீட்டர் உயரத்தில் இருக்க, ஊரின் எல்லைக்குள்ளேயே நிற்கும் ரிகி ஹோக்ஃப்ளூ என்ற சிகரமோ 1,698 மீட்டர் உயர்ந்திருப்பதால், ஊரின் அடிக்கும் முடிக்கும் இடையேயுள்ள ஏற்றம் மட்டும் 1,264 மீட்டர் ஆகிறது. முன்புறத்திலோ ஏரி, அதுவும் அவ்வேரியின் மிக ஆழமான பாகம். கெர்ஸாவின் பெயராலேயே வழங்கும் அந்த நீர்ப்பரப்பில் தரையைத் தொட 214 மீட்டர் இறங்க வேண்டும். கிழக்கே புருன்னென், மேற்கே விட்ஸ்னாவ், ஏரிக்கு நேர் எதிரே பெக்கென்ரீட் என்பவை அண்டை ஊர்கள். நிலப்பரப்பு ஏறத்தாழ 14 சதுர கிலோமீட்டர். ஏரியில் அவ்வூருக்குரிய பங்கையும் சேர்த்தாலும் 24 சதுர கிலோமீட்டருக்கு மேல் போகாது. அந்த நிலத்திலும் பாதிக்குச் சமீபமானது காடு. எஞ்சியதில் பெரும்பகுதி மேய்ச்சல் தரை. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அடித்துக்கொண்டு வந்து ஏரிக்கரையில் விசிறிபோல் பரப்பிய கல்லும் மண்ணுமே வீடு கட்டிக் குடியிருக்க இடமாயின.

இவ்வாறு அடைபட்டுக் கிடப்பதனால் அவ்வூருக்கு ஒரு நன்மையும் உண்டு. வடக்கேயிருந்து வரும் குளிர்க்காற்றை ரிகி மலை தடுத்துவிடுகிறது. தெற்கு நோக்கிய சரிவு வெயிலை முழுதாக வாங்கிக்கொள்கிறது. ஏரியின் பெரும் நீர்ப்பரப்பு கோடையிற் பெற்ற சூட்டைப் பனிக்காலத்தில் மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது. ஆகையால் ஆல்ப்ஸ் மலையின் வடபுறத்தில் எதிர்பார்க்க முடியாத இளவெப்பம் அங்கே நிலவி, பழமரங்கள் செழிப்பதோடு, கரையோரத் தோட்டங்களில் வைத்த பனையினச் செடிகளும் வாடாமல் நிற்கின்றன. ஆயினும் தெற்கு மலைகளைத் தாண்டி ஃபோன் என்னும் வெப்பக் காற்று திடீரென்று இறங்கும்போது, கண்ணாடிபோல் கிடந்த ஏரி கொந்தளித்துப் படகுகளைப் பாறையில் மோதுகிறது. சாலையில்லாத அக்காலத்தில், அவ்வேளைகளில் கெர்ஸாவுக்கு வர விரும்புகிறவன் வர முடியாது. போக விரும்புகிறவன் போகவும் முடியாது. வண்டி செல்லும் பாதை அன்று கிடையாது. மலைமேல் ஏறி இறங்கும் ஒற்றையடித் தடங்களும் படகுத்துறையுமே வெளியுலகத்துக்கு வாசல்களாக இருந்தன. படையெடுத்து வர நினைப்பவனுக்கு அது எவ்வளவு சிரமமோ, வந்து பிடித்தபின் அதனால் கிடைக்கும் லாபமும் அவ்வளவு அற்பம். கெர்ஸாவின் முதல் கோட்டை இதுவே.

அவ்வூரின் பெயர் முதன்முதலாக எழுத்தில் தோன்றுவது 1064ஆம் வருஷத்தை ஒட்டி. அப்பொழுது அது மூரி என்ற இடத்திலிருந்த மடாலயத்தின் உடைமை. அம்மடாலயத்தை ஸ்தாபித்தவர்கள், பிற்காலத்தில் ஐரோப்பாவின் பெரிய அரச வம்சமாக ஓங்கிய ஹாப்ஸ்பர்க் குடும்பத்தார். மடத்துக்கு நிலவரி, பிரபுவுக்கு ஆட்சியுரிமை என்ற அக்காலத்து முறைப்படி, நிலத்தை உழுதவன் இருவருக்கும் கடமைப்பட்டிருந்தான். 14ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் பிரபுக்கள் பணமுடை ஏற்பட்டபோதெல்லாம் தங்கள் ஊர்களை அடகு வைப்பது வழக்கமாகிவிட்டது. நகையை அடகு வைப்பதுபோல் ஊரையும், ஊரோடு அதன் ஜனங்களையும் கைமாற்றலாம் என்பது அன்றைய நியாயம். 1333ஆம் வருஷத்தில் கெர்ஸாவின் ஆட்சியுரிமை இவ்விதமே லூஸெர்ன் நகரத்தைச் சேர்ந்த மோஸ் என்ற பிரபு குடும்பத்தாரின் கைக்குப் போயிற்று.

அடகு வைத்தவன் தூரத்தில் இருந்தான். அடகு பிடித்தவனோ ஏரியின் மறுகோடியில் இருந்த ஒரு நகரத்து வாசி. இருவருக்கும் அந்தச் சிற்றூரின்மேல் பெரிய கவனம் கிடையாது. ஆனால் அதே ஏரியைச் சுற்றி ஒரு புதிய சக்தி வளர்ந்துகொண்டிருந்தது. ஊரி, ஷ்வீட்ஸ், உன்டர்வால்டன் என்னும் மூன்று மலைநாட்டாரும் 1291இல் செய்துகொண்ட உடன்படிக்கையும், 1315இல் மோர்கார்ட்டனில் ஹாப்ஸ்பர்க் சேனையை அவர்கள் முறியடித்த செய்தியும், 1332இல் லூஸெர்ன் நகரமே அவர்களோடு சேர்ந்துகொண்டதும் கெர்ஸாவின் படகுத்துறையில் அன்றாடம் பேசப்பட்ட விஷயங்களாக இருந்திருக்கும். 1359இல் கெர்ஸாவும் வனநாட்டார் எனப்படும் அந்நால்வரோடு நிரந்தர உறவு பூண்டது. 1386இல் ஸெம்பாக் போர்க்களத்தில் ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்ட் மாண்டபோது கெர்ஸாவின் வீரர்களும் அங்கே நின்று போரிட்டார்கள் என்றும், எதிரிகளின் கொடியொன்றைப் பறித்துவந்து தங்கள் மாதாகோயிலில் தொங்கவிட்டார்கள் என்றும் ஊர்ப் பரம்பரை பெருமையோடு கூறுகிறது.

போரில் வென்றும், உடன்படிக்கை செய்தும்கூட, சட்டப்படி அவர்கள் இன்னும் அடகுப்பொருளே. இதன் அபாயத்தை அவர்களுக்குக் கண்முன்னே காட்டியது அண்டையிலிருந்த வெக்கிஸ் கிராமம். ஏறக்குறைய கெர்ஸாவைப்போன்ற நிலைமையில், அதே ஏரிக்கரையில், அதே மலையடியில் இருந்த அவ்வூரின் ஆட்சியுரிமையை 1380ஆம் வருஷத்தில் லூஸெர்ன் நகரம் விலைக்கு வாங்கிவிட்டது. நேற்றுவரை தோழனாக இருந்த நகரம் மறுநாள் எஜமானனாகிவிட்டது. வெக்கிஸ் ஜனங்கள் முணுமுணுத்துப் பார்த்தும் அந்தப் பிடியிலிருந்து மீளவில்லை. சந்தையில் நிற்கும் மாட்டை வேறொருவன் வாங்குவதற்கு முன் மாடே தன்னை வாங்கிக்கொள்ளக் கூடுமானால் எவ்வளவு நன்றாயிருக்கும்! கெர்ஸாவின் ஜனங்கள் செய்தது கிட்டத்தட்ட அதுவே. பத்து வருஷம் கழித்து அவர்கள் எண்ணிக் கொடுத்த 690 பவுண்டில் ஒவ்வொரு காசின் பின்னும் வெக்கிஸின் உதாரணம் இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்குப் பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரத்துக்காக அவர்கள் நாற்பத்துமூன்று வருஷம் காத்திருந்தார்கள். 1433ஆம் வருஷத்தில் உரோமாபுரியில் முடிசூட்டிக்கொண்டு வடக்கே திரும்பிய, புனித ரோம சாம்ராஜ்யத்தின் சிகிஸ்மண்ட் சக்கரவர்த்தி அவ்வாண்டின் இறுதியில் பாஸெல் நகரத்துக்கு வந்திருந்தபோது, கெர்ஸாவின் பழைய உரிமைகளை உறுதிப்படுத்தி ஒரு சாசனம் அருளினார். அதன்படி அவ்வூருக்கு மேலே சக்கரவர்த்தியைத் தவிர வேறு எந்தப் பிரபுவும், எந்த நகரமும் அதிகாரம் செலுத்த இயலாது. உயிர்த்தண்டனை விதிக்கும் நீதி அதிகாரமும் ஊர்ச் சபையைச் சேர்ந்தது. பின்னர் 1483இல் மாதாகோயிலுக்குக் குருவை நியமிக்கும் உரிமையையும் அதன் உடைமைகளையும் பணம் கொடுத்தே வாங்கினார்கள். ஆக, ஆட்சி, நீதி, கோயில் என்ற மூன்றும் ஊரார் கையில் வந்துசேர்ந்தன. கத்தியால் பெற்றதைக் கத்தியால் பறிக்கலாம். முத்திரையிட்ட காகிதத்தால் பெற்றதைப் பறிப்பதற்கு அதைவிடப் பெரிய முத்திரை வேண்டும் என்பதைக் கெர்ஸாவின் குடியானவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அந்தக் குடியரசின் ஆட்சிமுறை மிக எளிமையானது. ஆண்டுதோறும் ஊரின் உரிமைக்குடிகளான ஆண்கள் எல்லோரும் திறந்த வெளியிலே கூடுவார்கள். அக்கூட்டத்துக்கு லான்ட்ஸ்கெமைன்டெ, அதாவது நாட்டுச் சபை, என்று பெயர். அங்கே கையுயர்த்தி, லான்ட்அம்மன் என்னும் தலைவரையும், பொக்கிஷம் காப்பவரையும், எழுத்தரையும், ஆலோசனைச் சபையாரையும் தேர்ந்தெடுப்பார்கள். குடிகள் எல்லோரையும் ஒரே மைதானத்தில் நிறுத்தி, எல்லோருடைய முகத்தையும் பார்த்து, எல்லோருடைய பெயரையும் சொல்லி அழைக்கக்கூடிய தேசம் அது. பக்கத்து வீட்டுக்காரனே நீதிபதி, மைத்துனனே மணியக்காரன். இதில் சௌகரியமும் உண்டு, சங்கடமும் உண்டு. ஏனெனில் அத்தகைய தேசத்தில் ஒருவனுடைய குற்றமும் மறைவதில்லை, ஒருவனுடைய பகையும் மறப்பதில்லை.

ஆனால் இச்சபையை எண்ணி நாம் அளவுக்கு மிஞ்சிப் பரவசப்பட வேண்டியதில்லை. அதில் பெண்களுக்கு இடம் கிடையாது. ஸ்விட்ஸர்லாந்து முழுவதிலும் மத்திய ஆட்சித் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1971ஆம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் தலைமுறைகள் கழிந்தாலும் வந்தேறிகளாகவே எண்ணப்பட்டார்கள். மலைமேலிருந்த மேய்ச்சல் தரைகளும் காடுகளும் பழங்குடும்பங்களின் பொதுச்சொத்தாக ஒரு கூட்டமைப்பின் கையில் இருந்தன. கெனோஸ்ஸாமெ என்ற அந்த அமைப்பு இன்றளவும் நிலைத்திருந்து அவற்றைப் பரிபாலித்துவருகிறது. எத்தனை மாடுகளை எப்பொழுது மலைமேல் ஓட்டலாம், யார் எந்தக் காட்டில் விறகு வெட்டலாம் என்பன போன்ற அற்ப விஷயங்களே இத்தகைய ஊர்களின் உண்மையான அரசியல். குறுகிய நிலத்தில் வாழ்பவர்களுக்குப் புல்லும் விறகுமே அர்த்தசாஸ்திரம்.

அந்தக் குடியரசின் மானம் எத்தகையது என்பதற்கு ஒரு கதை வழங்குகிறது. அவர்களுடைய தூக்குமரம் பெரும்பாலும் வேலையின்றியே நின்றது. அதைக் கண்டு நகைத்த லூஸெர்ன் பக்கத்து ஆட்கள் சிலர், ஒருநாள் இரவு படகில் வந்து ஒரு வைக்கோல் பொம்மையை அதிலே தொங்கவிட்டுப் போய்விட்டார்களாம். விடிந்ததும் இதைக் கண்ட கெர்ஸாவின் ஜனங்கள் கோபித்துக் கூச்சலிடவில்லை. லூஸெர்ன் நகரத்தின் நிறங்களான நீலமும் வெள்ளையும் கலந்த உடையைத் தைத்து அந்தப் பொம்மைக்கு உடுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். இப்பொழுது தூக்கில் தொங்குவது யாருடைய கௌரவம்? பொம்மையை இறக்கும்படி கெஞ்சிக்கொண்டு வரவேண்டியது லூஸெர்ன் நகரத்தாரின் முறையாயிற்று. நடந்ததோ, புனைந்ததோ, சிறியவன் பெரியவனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் அவ்வூராருக்கு இருந்த சாமர்த்தியத்தை இக்கதை நன்றாகக் காட்டுகிறது.

மானம் சோறு போடாது. மாடும் பாலாடைக்கட்டியும் மட்டும் கொண்டு ஆயிரம் பேர் பிழைக்க அந்தச் சரிவு போதாது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கெர்ஸாவின் வியாபாரிகள் சிலர் ஒரு புதிய தொழிலில் இறங்கினார்கள். நல்ல பட்டிழையை உரித்தெடுத்தபின் எஞ்சும் கூட்டுக் கழிவையும், அறுந்த இழைகளையும், துளைபட்ட கூடுகளையும் வாங்கி, அவற்றைக் கொதிநீரில் பசைபோக்கி, சீப்புகளால் வாரி, நூலாக நூற்கும் தொழில் அது. கச்சாப்பொருள் ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலுள்ள இத்தாலியிலிருந்து கோட்ஹார்ட் கணவாய் வழியாகக் கோவேறு கழுதைகளின் முதுகிலும், பின் ஏரியில் படகிலும் வந்துசேரும். கெர்ஸாவின் வியாபாரி அதை ஏரியைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களில் வீடுவீடாகப் பங்கிட்டுக் கொடுப்பான். பனிமூடிய மாதங்களில், கறவையும் மேய்ச்சலும் நின்றுபோன பொழுதில், பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் அடுப்பின் ஓரத்தில் அமர்ந்து அதை வாரி நூற்றுக் கொடுப்பார்கள். மற்றவர்கள் கழித்துப் போட்டதிலிருந்து பட்டு நூற்றுச் செல்வம் சேர்த்த அந்தச் சிற்றூர், தன் எல்லைக்கு வெளியே, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய நாடுகளின் ஏழைக் குடும்பங்களுக்கும் கூலி கொடுக்கும் இடமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓடையோரத்தில் இயந்திர நூற்பாலைகள் எழுந்தன. காமென்ட்ஸிண்ட் என்ற குடும்பப் பெயர் அத்தொழிலோடு பிரிக்க முடியாமல் இணைந்தது. ஜெர்மன் நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸெ 1904இல் வெளியிட்ட முதல் நாவலின் நாயகனுக்கு இட்டதும் இந்தக் கெர்ஸாவ் குடும்பப் பெயர்தான்.

இனி நான் சொல்லப்போவது, அக்குடியரசின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பொருள் நிறைந்ததாகத் தோன்றும் பகுதி. அக்காலத்து ஸ்விட்ஸர்லாந்தில் ஊரும் வீடும் இல்லாத மக்கள் கூட்டம் கூட்டமாக அலைந்தார்கள்: சாணை பிடிப்போர், கூடை முடைவோர், ஓட்டைப் பாத்திரத்தை அடைப்போர், தெருவில் வாத்தியம் வாசிப்போர், சில்லறைச் சாமான் விற்போர், ஒன்றுமில்லாமல் பிச்சை எடுப்போர். அவர்களில் பெரும்பாலோர் யெனிஷ் என்னும், தமக்கென்று ஒரு தனிப் பேச்சும் வழக்கமும் உள்ள மக்கள். ஒவ்வொரு நாடும் அவர்களைத் தன் எல்லையிலிருந்து விரட்டுவதற்கு ஆணைகள் பிறப்பித்தது. வேட்டைநாய்களைப்போல் காவலரை ஏவிக் காடுகளைத் துழாவியது. பிடிபட்டவர்களை அடித்துச் சூடு போட்டுப் பக்கத்து நாட்டின் எல்லையில் தள்ளியது. பக்கத்து நாடும் அதையே செய்தது. இவ்வாறு எல்லைக்கு எல்லை பந்தாடப்பட்ட அம்மக்களுக்கு, கெர்ஸாவில் மாதாகோயில் திருவிழாவை ஒட்டி வருஷத்துக்கு ஒருமுறை, மூன்று நாள் என்பர், அச்சமின்றி வந்து கூடுவதற்கு இடம் கிடைத்தது. நாடோடிகளின் திருவிழா என்று பொருள்படும் ஃபெக்கர் கில்பி என்பது அதன் பெயர். பிரிந்து அலைந்த உறவினர் அங்கே சந்தித்தார்கள்; கல்யாணங்கள் பேசி முடிக்கப்பட்டன; கூத்தும் பாட்டும் குடியும் நடந்தன; ஊரார் சோறும் பலகாரமும் கொடுத்தார்கள்.

இதைக் கெர்ஸாவின் ஜனங்களுடைய கருணைக்கு மட்டும் சான்றாகக் கொள்வது சரியன்று. வருஷத்தில் மூன்று நாள் இடம் கொடுத்தால் மற்ற நாட்களில் தொந்தரவு குறையும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கலாம். மூன்று நாள் கழிந்ததும் அவர்கள் படகேறிப் போய்விட வேண்டியவர்களே. ஆயினும் ஒரு விஷயம் மறுக்க முடியாதது. சுற்றியுள்ள நாடுகளின் ஆணை அந்த ஏரிக்கரையில் செல்லாது என்ற ஒரே காரணத்தால்தான் இது சாத்தியமாயிற்று. தானே யாருக்கும் உட்படாத ஊராகையால், எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவர்களுக்கு அது மூன்று நாள் ஊராக இருக்க முடிந்தது. 690 பவுண்டு கொடுத்து வாங்கிய ஸ்வதந்திரத்தில், அதற்காக ஒரு காசும் கொடுக்காதவர்களுக்கும் ஒரு சிறு பங்கு கிடைத்தது.

அதே மண்ணில் இதற்கு நேர்மாறான ஒரு நினைவும் உண்டு. கெர்ஸாவிலிருந்து புருன்னெனுக்குப் போகும் கரையோரத்தில், பாறைக்கும் நீருக்கும் நடுவே ஒரு சிறு தேவாலயம் நிற்கிறது. இப்பொழுதுள்ள கட்டடம் 1708ஆம் வருஷத்தது. குழந்தைக் கொலைக் கோயில் என்று பொருள்படும் பெயர் அதற்கு. வாத்தியக்காரன் ஒருவன் ஒரு கல்யாணத்தில் வாசித்துவிட்டுத் தன் சிறு மகளோடு இவ்வழியே திரும்பியபோது, பசி தாங்காத குழந்தை ரொட்டி கேட்டு அழுததாகவும், கொடுக்க ஒன்றுமில்லாத அவன் கோபாவேசத்தில் அதைப் பாறையில் மோதிக் கொன்றதாகவும், பின் அவனும் தண்டனை பெற்று மாண்டதாகவும் கதை. திருவிழாவில் வாத்தியக்காரனுக்குச் சோறிட்ட ஊரின் எல்லையிலேயே பசித்த வாத்தியக்காரனின் பாவத்துக்கு ஒரு கோயிலும் இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அலைந்து திரிந்தவர்களின் பசி எத்தகையது என்பதை அவ்வூர் கண்ணாரக் கண்டிருந்தது.

1798ஆம் வருஷத்தில் பிரெஞ்சுச் சேனை ஸ்விட்ஸர்லாந்துக்குள் புகுந்தது. ஸ்வதந்திரம், சமத்துவம் என்ற இரண்டு மகத்தான சொற்களைக் கொடியிலே எழுதிக்கொண்டு வந்த அச்சேனை, பழைய சிறு நாடுகளையெல்லாம் துடைத்து ஒரே ஹெல்வெட்டியக் குடியரசாக்கியது. வனநாடுகள் ஷ்வீட்ஸின் தலைமையில் எதிர்த்துப் பார்த்தன. மே மாதம் ரோத்தென்துர்ம் களத்தில் ஒருநாள் வெற்றியும் கண்டன. ஆனால் வெடிமருந்தும் ஆட்களும் தீர்ந்து சில நாட்களிலேயே பணிந்தன. அவற்றோடு கெர்ஸாவும் பணிந்தது. நான்கு நூற்றாண்டாக ஸ்வதந்திரமாய் இருந்தவர்களுக்கு ஸ்வதந்திரம் தருவதாகச் சொல்லி அதைப் பறித்தார்கள் என்பது சரித்திரத்தின் ஹாஸ்யங்களில் ஒன்று. வால்ட்ஷ்டேட்டன் என்ற புதிய பெரிய மாகாணத்தில் ஒரு மூலையாக இருந்த அவ்வூர், 1803இல் நெப்போலியனின் ஏற்பாட்டால் ஷ்வீட்ஸ் நாட்டோடு சேர்க்கப்பட்டது.

நெப்போலியன் வீழ்ச்சியடைந்ததும், 1814இன் தொடக்கத்தில், கெர்ஸாவின் ஜனங்கள் மறுபடியும் மைதானத்தில் கூடிக் கையுயர்த்தித் தங்கள் குடியரசைப் புதுப்பித்துக்கொண்டார்கள். பழைய சிநேகிதர்களான வனநாட்டார் அதை ஒருவாறு ஒப்புக்கொண்டார்கள். வியன்னா நகரில் ஐரோப்பாவின் மன்னர்களும் மந்திரிகளும் தேசங்களைத் துணிபோல் வெட்டித் தைத்துக்கொண்டிருந்த அந்நாட்களில், இந்த ஏரிக்கரைத் துண்டு யார் கவனத்திலும் படவில்லை. எவரும் கவனியாமல் விட்டதே முன்பு நானூறு வருஷம் அதைக் காத்தது. இப்பொழுதோ அதற்கு நான்கு வருஷம்கூடக் கிடைக்கவில்லை. ஏனெனில் காலம் மாறிவிட்டது. சக்கரவர்த்தியின் முத்திரைக்கு மதிப்புக் கொடுக்கும் உலகம் 1806இல் அந்தப் புனித ரோம சாம்ராஜ்யத்தோடேயே மறைந்துபோயிற்று. வரைபடத்தில் எல்லைக்கோடுகள் நேராகவும் எண்ணிக்கையில் சிலவாகவும் இருக்க வேண்டும் என்று எண்ணும் புதிய உலகம் பிறந்துவிட்டது. ஸ்விட்ஸர்லாந்தின் கூட்டுச் சபை கெர்ஸாவை ஷ்வீட்ஸோடு இணைத்தே தீரவேண்டும் என்று முடிவு செய்தது. ஊரார் ஆட்சேபித்தும் பயனில்லை. 1818இன் தொடக்கத்திலிருந்து அது ஷ்வீட்ஸின் ஒரு மாவட்டம். ஒரு பீரங்கியும் வெடிக்கவில்லை, ஒரு காசும் கைமாறவில்லை. வாங்கும்போது பத்திரம் எழுதி முத்திரையிட்ட பொருள், போகும்போது விலையின்றிப் போயிற்று.

எனினும் ஷ்வீட்ஸ் நாட்டார் ஒரு பெருந்தன்மையைக் காட்டினார்கள். தங்கள் ஆறு மாவட்டங்களில் ஒன்றாக, ஒரே கிராமமே ஒரு முழு மாவட்டமாக, கெர்ஸாவை இன்றும் வைத்திருக்கிறார்கள். ஆறிலும் மிகச் சிறியது அதுவே. ஆனால் நாடோடிகளின் திருவிழா பிழைக்கவில்லை. இனி அங்கே செல்லுபடியாவது ஷ்வீட்ஸின் ஆணையாகையால், 1832ஐ ஒட்டி அது தடுக்கப்பட்டு மறைந்தது. தனி நாடாக இருந்தது மறைந்ததனால் கெர்ஸாவின் ஜனங்கள் இழந்தது பெரும்பாலும் கௌரவம்; உண்மையில் ஒரு பற்றுக்கோட்டை இழந்தவர்கள், அந்தக் குடியரசின் பெயரேட்டில் ஒருபோதும் இடம் பெறாத அந்த அலையும் மக்களே.

அதன்பின் வெளியுலகம் வேகமாக அருகில் வந்தது. 1837இல் ஏரியில் முதல் நீராவிக் கப்பல் ஓடியது; அந்நூற்றாண்டின் பிற்பாதியில் பாறையைக் குடைந்து கரையோரச் சாலை போட்டார்கள்; 1871இல் பக்கத்து விட்ஸ்னாவிலிருந்து ரிகி மலைமேல் ஏறும் பற்சக்கர ரயில், ஐரோப்பாவிலேயே அவ்வகையில் முதலாவதாக, ஓடத் தொடங்கியது. கெர்ஸாவுக்கு ரயில் வரவேயில்லை. ஆயினும் இளவெயிலை நாடிவரும் சீமான்களும் நோயாளிகளும் தங்குவதற்கு ஏரிக்கரையில் ஹோட்டல்கள் எழுந்தன. 1930இல் மோட்டார் வண்டிகளை ஏற்றிக்கொண்டு பெக்கென்ரீடுக்கும் கெர்ஸாவுக்கும் இடையே படகு ஓடத் தொடங்கியது. ஜனத்தொகையைப் பார்த்தால், குடியரசு முடிவுற்ற காலத்தில் ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமார் ஆயிரத்தைந்நூறு. அந்நூற்றாண்டின் முடிவில் இரண்டாயிரத்தை நெருங்கியது. இன்றும் இரண்டாயிரத்தைச் சற்றுக் கடந்தே நிற்கிறது. அக்கம்பக்கத்து நகரங்கள் பெருகி வீங்கியபோதும், அந்தச் சரிவில் எத்தனை பேர் வாழலாம் என்பதை மலையும் ஏரியுமே இன்றளவும் தீர்மானிக்கின்றன.

யெனிஷ் மக்களின் கதையோ அவ்வளவு அமைதியாக முடியவில்லை. 1926 முதல் 1973 வரையில், தெருவோரக் குழந்தைகளைக் காப்பது என்ற பெயரால், ஏறத்தாழ 600 குழந்தைகளை அவர்களுடைய பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் அந்நியர் வீடுகளிலும் வளர்த்தார்கள். நாடோடி வாழ்க்கையை வேரோடு ஒழிப்பதே அதன் நோக்கம். 1986இல் ஸ்விட்ஸர்லாந்தின் கூட்டாட்சித் தலைவர் இதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த 1980களிலேதான், நூற்றைம்பது வருஷம் கழித்து, யெனிஷ் மக்கள் தங்கள் திருவிழாவை மீண்டும் கொண்டாடக் கெர்ஸாவைத் தேடி வந்தார்கள். பெரிய நகரங்கள் இருந்தன, விரிந்த மைதானங்கள் இருந்தன. ஆனால் அவர்களுடைய பாட்டன்மார் அச்சமின்றி நின்ற இடம் என்று அவர்கள் நினைவில் இருந்தது இந்த ஒன்றுதான்.

கெர்ஸாவின் லான்ட்அம்மன்கள் எத்தனையோ பேர். அவர்கள் இட்ட சட்டங்களும், தீர்த்த வழக்குகளும், மேய்ச்சல் தரைக்காகப் போட்ட சண்டைகளும் ஏட்டில் உறங்குகின்றன. வருஷத்தில் மூன்று நாள் படகுத்துறையில் காவலை விலக்கிக்கொண்டதை மட்டும், எழுத்தறியாத அலைகுடிகள் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியிலே காத்துவைத்திருந்து, வழி மறவாமல் திரும்பி வந்தார்கள். 690 பவுண்டுக்கு எழுதிய கணக்கில், கடைசி வரியை எழுதியவர்கள் அவர்களே.